ஒரு டம்ளர் கெட்ட தண்ணீர்

ஷூ கம்பெனியின் எட்டரை மணிச் சங்கு ஊதியபோது பெர்சிஸ் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். லீவு போட்டிருந்தாள்.

தெரு வேறு தெருவாக இருந்தது. சாக்கடையின் இருபுறமும் பிளீச்சிங் பவுடர் கோடு. தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிக்கு நீல பெயின்ட் அடித்திருந்தார்கள். இன்னும் காயவில்லை. வீட்டுக்கு வீடு டிரம்களும் குடங்களும் கழுவிக் கவிழ்க்கப்பட்டு வெயிலில் இருந்தன. சர்ச் சுவரோரம் கிடந்த தோல் கழிவு மூட்டைகளைக் காணோம்.

அன்பரசன் தெரு நடுவில் நின்று பெண்களுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பெர்சிஸ் வேலை செய்யும் கம்பெனியில் அவர் லைன் சூப்பர்வைசர். அவரும் லீவு.

“இன்னாண்ணா இதெல்லாம்?”

“எப்டி இருக்குது? விடியறதுக்குள்ள எல்லாரையும் எழுப்பி வேல வாங்கிட்டேன்.”

“எதுக்கு?”

“டெல்லிலேர்ந்து ஆபீசர் வர்றாரும்மா. ஆடிட்டுன்னா சும்மாவா?”

“ஆடிட் இல்லண்ணா. கெட்ட தண்ணி வருதுன்னு கம்ப்ளைன்ட் குடுத்தோம். அதப் பாக்க வர்றாரு.”

“பாக்கட்டும். அதுக்குன்னு தெருவ நாற வெச்சிக்கினு நிக்கணுமா?”

சாமுவேல் நகரில் வீட்டுக்கு ஒருவராவது ஷூ கம்பெனிக்கோ தோல் பதனிடும் இடத்துக்கோ போனார்கள். வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிறவர்கள் ஆடிட்டர்களை அனுப்புவார்கள். அன்று எல்லோருக்கும் கையுறை கிடைக்கும். கழிவறையில் சோப்பு இருக்கும். பூட்டியே கிடக்கும் பின்கதவு திறந்திருக்கும். கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று முன்தினமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். மறுநாள் சோப்பு ஸ்டோருக்குத் திரும்பிவிடும். வெளியாள் பார்க்க வருகிறார் என்றால் என்ன செய்வதென்று தெருவுக்குத் தெரியும். தெரிந்ததைச் செய்திருந்தது.

பெர்சிஸ் தெருக்குழாயைத் திறந்தாள். தண்ணீர் தெளிவாக வந்தது. கையில் பிடித்துக் குடித்தாள். இனித்தது.

“லாரி தண்ணி,” என்றாள் எதிர்வீட்டுப் பெண் சந்தோஷமாக. “பஞ்சாயத்துலேர்ந்து வந்து தொட்டிய ரொப்பிட்டுப் போனாங்க. பழசெல்லாம் தொறந்து உட்டுட்டாங்க.”

“உங்க வீட்டுல நேத்து தண்ணி இருக்குதா, அக்கா?”

“எல்லாத்தயும் ஊத்திட்டமே. அன்பரசன்தான் ஊத்தச் சொன்னாரு. உனக்கு எதுக்கு அது?”

பெர்சிஸ் நான்கைந்து வீடுகளில் கேட்டாள். எல்லோரும் கீழே ஊற்றிவிட்டிருந்தார்கள். டிரம்மின் அடியில் படிந்திருந்த மஞ்சள் கறையைக்கூடத் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்திருந்தார்கள். தெருவில் அன்று ஒரு டம்ளர் கெட்ட தண்ணீர் இல்லை.

*

பெர்சிஸ் கணியம்பாடிப் பக்கத்துப் பெண். மாப்பிள்ளை வீடு பார்க்க அவள் அப்பாவும் சித்தப்பாவும் இந்தத் தெருவுக்கு வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா அன்னம்மாள் காபி கொடுத்தாள். நல்ல காபி என்று அப்பா வீட்டுக்கு வந்தும் சொன்னார். கல்யாணம் முடிந்த மறுநாள் காலை பெர்சிஸ் அந்த வீட்டில் முதல் காபியைக் குடித்தாள். உப்புப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள்.

“அன்னிக்கு வேற காபி குடுத்தீங்களாமே,” என்றாள் கணவன் ஆபேலிடம்.

“அது கேன் தண்ணி,” என்றான் அவன். “பொண்ணு வீட்டுக்காரங்களுக்குப் போர்த் தண்ணியா குடுப்பாங்க?”

அது அந்தத் தெருவின் வழக்கம். அங்கே வாழ வந்த எல்லாப் பெண்களும் முதலில் கேன் தண்ணீரில் போட்ட காபியைத்தான் பார்த்திருந்தார்கள். பிறகு பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. தலைமுடி சீப்போடு வரும். பாலாற்றோரம் எப்போதோ இருந்து மூடப்பட்ட ஒரு தோல் தொழிற்சாலையின் கழிவு நிலத்துக்குள் இறங்கியிருந்தது. முதலாளி யார் என்பதே யாருக்கும் சரியாகத் தெரியாது. பக்கத்து ஊர்வரை வந்த காவிரிக் குழாய் இந்தத் தெருவுக்கு வரவில்லை.

மனு கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு பெர்சிஸ் போனில் தேசிய மனித உரிமை ஆணையத்தின் பக்கத்தைத் திறந்தாள். சம்பவம் நடந்த தேதி என்று ஒரு கட்டம் இருந்தது.

“எந்தத் தேதியப் போடறது?”

“நம்ம கல்யாணத் தேதியப் போடு,” என்றான் ஆபேல். “அன்னிலேர்ந்துதான உனக்குப் பேஜாரு.”

அவள் அதையே போட்டாள். ஒரு வருடத்துக்கு மேல் ஆன சம்பவத்தை எடுத்துக்கொள்ள முடியாது என்று பதில் வந்தது. ஆபேல் ஒரு வாரம் சிரித்தான். அவள் மறுபடி எழுதினாள். சம்பவம் நடந்த தேதி: இன்று காலை.

இந்த முறை எடுத்துக்கொண்டார்கள். கலெக்டரிடம் அறிக்கை கேட்டார்கள். கேள்வி கலெக்டர் ஆபீசிலிருந்து தாலுகா ஆபீசுக்கு இறங்கியது. எந்த ஆபீசைப் பற்றிப் புகார் சொல்லியிருந்தாளோ அதே ஆபீஸ் பதில் எழுதியது. மேற்படி பகுதிக்குச் சுத்தமான குடிநீர் தடையின்றி வழங்கப்பட்டு வருகிறது. அதற்கு உங்கள் கருத்து என்ன என்று ஆணையம் அவளைக் கேட்டது. வந்து குடித்துப் பாருங்கள் என்று எழுதினாள். வருகிறோம் என்றார்கள்.

அவர்கள் வருவார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வருவதாகத் தெரிந்த அன்று கம்பெனியில் ஷூக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள். அவள் வேலை குவாலிட்டி செக்கிங். தையல் பிசகினால், தோலில் கீறல் இருந்தால், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள்.

*

வீட்டுக்குள் அன்னம்மாள் ஸ்டூல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் ரஃபி அகமதுவின் லோடு ஆட்டோ வந்து நின்றது. தெருவுக்குக் கேன் தண்ணீர் போடுகிறவர் அவர்தான்.

“ரெண்டு கேன் இறக்குங்க பாய்,” என்றாள் அன்னம்மாள்.

“இன்னாம்மா, இன்னிக்கு ஜாஸ்தி? உங்க சின்னவன் ஜெர்சனுக்குப் பொண்ணு வூட்டுல வர்றாங்களா?”

“டெல்லிலேர்ந்து வர்றாங்க.”

“பொண்ணா?”

“ஆபீசரு!”

ரஃபி சிரித்தார். கேனைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். “காவிரி பைப்பு வந்துட்டா என் கேன எவன் வாங்குவான்? என் பொழப்புல மண்ணள்ளிப் போடற ஆபீசருக்கு என் தண்ணியிலயே காபி. நல்லா இருக்குது.”

“அத்தை,” என்றாள் பெர்சிஸ். “அவருக்குக் கேன் தண்ணியில காபி போடாதீங்க.”

அன்னம்மாள் துடைப்பதை நிறுத்தினாள். “பின்ன?”

“போர்த் தண்ணி வேணும். எங்கயும் இல்ல.”

“வீட்டுக்கு வர்றவருக்கு அந்தத் தண்ணியா? கேக்கறவங்க இன்னா நெனப்பாங்க? ஜெர்சனுக்குப் பாக்கற நேரம். கெட்ட தண்ணித் தெருன்னு பேப்பர்ல வந்துச்சுன்னா எவன் பொண்ணு குடுப்பான்?”

“எங்கப்பா குடுத்தாரே.”

அன்னம்மாள் கேனைச் சாய்த்துப் பாத்திரத்தில் ஊற்றினாள். பெர்சிஸ் தடுக்கவில்லை. போர்த் தண்ணீர்தான் இல்லையே.

*

ஜீப் வந்தபோது தெருப் பிள்ளைகள் வரிசையாக நின்று குட் மார்னிங் சொன்னார்கள். அன்பரசன் சொல்லிக் கொடுத்திருந்தார். அதிகாரி வயதானவர். மெலிந்திருந்தார். அவருக்கு இந்தியும் ஆங்கிலமும்தான் தெரியும். மொழிபெயர்க்கத் தாலுகா ஆபீஸிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்திருந்தார்கள். சுத்தமான குடிநீர் தடையின்றி வழங்கப்படுகிறது என்று எழுதியவரும் அவர்தான்.

அதிகாரி தொட்டியைப் பார்த்தார். கை வைத்தார். விரலில் நீலம் ஒட்டியது. விரலைப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். குழாயைத் திறக்கச் சொல்லிக் குடித்தார்.

அன்னம்மாள் அவரை வீட்டுக்குள் கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்தாள். காபி கொடுத்தாள். அவர் குடித்தார். முழுதும் குடித்தார். அன்னம்மாளைப் பார்த்து ஏதோ சொன்னார்.

“காபி ரொம்ப நல்லாருக்குதாம்,” என்றார் தாலுகா ஆபீஸ்காரர்.

அன்னம்மாளுக்கு முகம் மலர்ந்தது. வாசலை அடைத்து நின்ற தெருவுக்கும் மலர்ந்தது. அன்பரசன் பெர்சிஸைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கினார்.

அதிகாரி பெர்சிஸிடம் ஏதோ கேட்டார்.

“இந்தம்மாதான் கம்ப்ளைன்ட் குடுத்தவங்களான்னு கேக்கறாரு. தண்ணி நல்லாத்தான இருக்குது, இன்னா பிரச்சினைங்கறாரு.”

“இது லாரி தண்ணி சார். இன்னிக்குக் காலைல ஊத்தினது. நாங்க குடிக்கிறது இது இல்ல.”

தாலுகா ஆபீஸ்காரர் இந்தியில் சொன்னார். அவள் சொன்னதைவிடச் சின்னதாக இருந்தது.

வாசலில் நின்ற ரஃபி தொண்டையைக் கனைத்தார்.

“அதுல லாரி வரலயே,” என்றார்.

“இன்னா?”

“அந்தப் பொண்ணு லாரின்னுச்சு. நீங்க சொன்னதுல லாரியே இல்ல. சில நேரம் தண்ணி கம்மியா வருதுன்னு சொன்னீங்க.”

“நீ யாருய்யா?”

“தண்ணி வியாபாரி.” ரஃபி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அதிகாரிக்கு சலாம் வைத்து உருதுவில் பேச ஆரம்பித்தார். கையை ஆட்டிப் பேசினார். லாரி வந்துபோன வழியைக் காட்டினார், தொட்டியைக் காட்டினார், காபி டம்ளரைக் காட்டினார், வெளியே நின்ற தன் ஆட்டோவைக் காட்டினார், கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டார். அதிகாரி காலி டம்ளரை எடுத்து உள்ளே பார்த்தார்.

“எல்லாத்தயும் சொல்லிட்டேன்மா,” என்றார் ரஃபி பெர்சிஸிடம். “காபி என் கேன் தண்ணின்னும் சொல்லிட்டேன். அப்ப அந்தக் கெட்ட தண்ணிய எனக்குக் காட்டுங்கறாரு.”

எதிர்வீட்டுப் பெண் தரையைப் பார்த்தாள். அன்பரசன் கட்டை விரலை மடக்கிக்கொண்டார்.

“போர் மோட்டாரைப் போடலாமே,” என்றார் மெதுவாக.

“மோட்டாரு ரிப்பேருக்குப் போயிருக்குது,” என்றார் தாலுகா ஆபீஸ்காரர். “நேத்து சாயங்காலம்தான் கழட்டினாங்க.”

அதிகாரி பையை மூடினார். பெர்சிஸ் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி ஒருவர் டெல்லியிலிருந்து வரப்போவதில்லை. குடித்துப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்று எழுதுவார். அதற்கு அவளிடம் கருத்துக் கேட்டு ஒரு கடிதம் வரும். அவ்வளவுதான்.

அன்னம்மாள் எழுந்து பின்பக்கம் போனாள். ஏதோ நகரும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் குடம் இருந்தது. மேலே தட்டு மூடியிருந்தது.

“அத்தை?”

“விறகுக்குப் பின்னால வெச்சிருந்தேன். அன்பரசன் எல்லாத்தயும் ஊத்துன்னான். தண்ணியப் போயி எப்டிக் கீழ ஊத்தறது? மனசு வரல.”

“குடுங்க அத்தை, நான் அவருக்கு...”

“நீ சும்மா இரு.” அன்னம்மாள் எவர்சில்வர் டம்ளரில் மொண்டாள். தண்ணீர் லேசான மஞ்சளில் இருந்தது. “என் வீட்டுக்கு வந்தவருக்கு இத நான் குடுக்க மாட்டேன். பாய், அவர்கிட்ட சொல்லுங்க. அவரு பாக்கட்டும். நான் குடிக்கிறேன்.”

அவள் தலையைப் பின்னால் சாய்த்து டம்ளரைத் தூக்கி நேராகத் தொண்டைக்குள் ஊற்றினாள். மற்ற ஊர்களில் உதட்டில் படாமல் குடிப்பார்கள். இந்தத் தெருவில் நாக்கில் படாமல் குடிப்பார்கள். பிள்ளைகளுக்கே பழகியிருந்தது.

பாதி டம்ளர் தீர்ந்ததும் அதிகாரி எழுந்து கையை நீட்டினார். அன்னம்மாள் தரவில்லை. அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. அவள் பெர்சிஸைப் பார்த்தாள். பிறகு டம்ளரின் வாயைப் புடவைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தாள்.

அவர் நாக்கில் வைத்துக் குடித்தார். விழுங்கினார்.

“மன்னிச்சுக்கச் சொல்லுங்க பாய்,” என்றாள் அன்னம்மாள்.

ரஃபி சொல்லவில்லை. ஆட்டோவிலிருந்து ஒரு புதிய பாட்டிலை எடுத்து அதிலிருந்த நல்ல தண்ணீரைத் தான் குடித்துவிட்டு, காலி பாட்டிலை நீட்டினார். குடத்துத் தண்ணீரைப் பிடித்து மூடி, அதிகாரி அதன் மேல் தாள் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். தாலுகா ஆபீஸ்காரரையும் போடச் சொன்னார். அவரும் போட்டார்.

ஜீப்பில் ஏறும் முன் அதிகாரி பெர்சிஸிடம் நின்று பேசினார். ரஃபி மொழிபெயர்த்தார்.

“எழுதறேங்கறாரு. உள்ளத உள்ளபடி எழுதறேங்கறாரு. ஆனா அவங்களால சொல்லத்தான் முடியுமாம். செய்யின்னு கட்டளை போட முடியாதாம். கவர்மென்ட்டு கேட்டா கேக்கும், கேக்கலன்னா ஏன் கேக்கலன்னு மறுபடி எழுதுவாங்களாம். தோல் கம்பெனிக்காரன எல்லாம் அவங்க தொடவே முடியாதாம். நீ ஜாஸ்தி நம்பிக்கை வெச்சிடாதங்கறாரு.”

பெர்சிஸ் சிரித்தாள். “பாய், நானும் அந்த வேலதான் பாக்கறேன்னு சொல்லுங்க. ஸ்டிக்கர்தான் ஒட்டுவேன். அதப் பிச்சிப் போட்டுட்டு ஷூவ பேக் பண்ணிடுவாங்க. சில நேரம் பண்ண மாட்டாங்க.”

“ஒட்டறதுக்கு நீ சம்பளம் வாங்கறல்ல?” என்றார் அன்பரசன்.

“வாங்கறேன். அதான் ஒட்டறேன்.”

ரஃபி மொழிபெயர்த்து முடித்ததும் அதிகாரியும் சிரித்தார். அவர் சிரித்தது அப்போதுதான்.

*

மழைக்காலம் முடியும்போது காவிரிக் குழாய் வந்தது. ஆணையம் பரிந்துரைத்தது என்று கடிதத்தில் இருந்தது. அதைத் தவிர அதிகமாக எதுவும் இல்லை. தெருமுனையில் பந்தல் போட்டு, தேங்காய் உடைத்து, ஆயர் ஜெபம் செய்து, குழாயைத் திறந்தார்கள். போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோ டெல்லிக்குப் போனது. நடவடிக்கை எடுக்கப்பட்டதால் புகார் முடித்துவைக்கப்படுகிறது என்று பெர்சிஸின் போனுக்குச் செய்தி வந்தது.

முதல் மாதம் தண்ணீர் தினமும் வந்தது. பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை. பிறகு வந்தபோது வந்தது. போர் மோட்டாரை மறுபடி மாட்டினார்கள். அவளுக்குத் தெரிந்தவரை டெல்லிக்கு அதைச் சொல்ல வேண்டிய வேலை யாருக்கும் இல்லை. அவள்தான் மறுபடி எழுத வேண்டும்.

எழுதுவாள். சம்பவம் நடந்த தேதியில் என்ன போட வேண்டும் என்று இப்போது தெரியும்.

ஆனாலும் காவிரித் தண்ணீர் வந்த நாட்களில் பருப்பு வெந்தது. தலைக்குக் குளித்தால் நுரை தோளில் இறங்கியது. ஆபேல் மூன்று டிரம் வாங்கிப் போட்டான். ரஃபி பாயின் ஆட்டோ தெருவுக்கு வருவது குறைந்தது. வந்தால் பெர்சிஸைப் பார்த்து, “இன்னாம்மா, என் வியாபாரத்தைக் கெடுத்த மகராசி,” என்பார். வெயில் காலத்தில் மறுபடி கேன் கேட்பீர்கள் என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்வார். அன்பரசன் டிரம்களுக்கு மூடி வாங்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சோதனை செய்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து, குடியாத்தத்திலிருந்து ஜெர்சனுக்குப் பெண் வீட்டார் வந்தார்கள். ஜெர்சன் ஆபேலின் தம்பி. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறான். பெண்ணின் பெயர் ரெனிட்டா, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். எங்கே வாழப் போகிறேனோ அதை நானே பார்க்க வேண்டும் என்று அவளும் கூடவே வந்திருந்தாள். இந்தத் தெருவுக்கு அப்படி வந்த முதல் பெண் அவள். அவள் அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து சுவரிலிருந்த போட்டோக்களைப் பார்த்தார். ஆபேல் மின்விசிறியைக் கூட்டி வைத்தான். ரெனிட்டா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெர்சன் அவளைப் பார்க்காதது போல் பார்த்துக்கொண்டிருந்தான்.

சமையலறையில் அன்னம்மாள் அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். காவிரி டிரம்மில் முக்கால்வாசி இருந்தது. மூலையில் ரஃபி பாய் காலையிலேயே இறக்கிவிட்டுப் போன கேன். பின்வாசலருகே தட்டு மூடிய பிளாஸ்டிக் குடத்தில் போர்த் தண்ணீர்.

பெர்சிஸ் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அன்னம்மாள் காலிப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“பெர்சி,” என்றாள் குரலைத் தாழ்த்தி. “காபிக்கு எந்தத் தண்ணிய ஊத்தட்டும்?”